கையெழுத்துப் போட்ட பஸ்ஸும் போடாத பஸ்ஸும்

1

ஊரிலிருந்து பேசும் மைத்துனர் எப்போதாவது கேட்பார்: "அங்கை பஸ்ஸெல்லாம் அரசாங்கத்தின்ரையோ, பிறைவேற்றோ?" சுகம் விசாரித்து, குளிரை விசாரித்து, கதைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகு வரும் கேள்வி அது. இருபத்தாறு வருடம் இங்கே பஸ்களுக்குக் கீழே படுத்து வேலை செய்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார். "ரெண்டும்தான்" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

இந்த முறை அப்படி முடிக்க மனம் வரவில்லை. போன வருடம் பெப்ரவரியில், திங்களும் லீவாக வந்த நீண்ட வார இறுதியில் நடந்ததை ஒருதரம் ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது. அதை எழுதப்போனால் ஊரில் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். அதைப் போன வருடம் வரை, ஏறக்குறைய நாற்பது வருடமாக, நான் யாருக்கும் சொன்னதில்லை.

நான் வேலை செய்தது ரொறன்ரோவிலிருந்து வடக்கே உள்ள சிறு பட்டணங்களுக்குப் பஸ் ஓட்டிய ஒரு கம்பனியில். கராஜ் றிச்மண்ட் ஹில்லுக்கு அப்பால். டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டிலிருந்து விடிய ஐந்து மணிக்குக் காரை எடுத்தால் ஆறுக்கு முன் கராஜ் கதவு திறக்கலாம். கம்பனியைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரர். மரக்கம்பனித் தொழிலாளரை ஏற்றியிறக்க இரண்டு பஸ்ஸோடு தொடங்கியவர். நான் சேர்ந்தபோது அவருடைய மகன் நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு பாதைக்கு ஒரு கம்பனிதான். மாகாண அரசு அனுமதி கொடுக்கும். அந்த அனுமதியோடு ஒரு கடமையும் வரும். வெள்ளிக்கிழமை மாணவர்களால் நிரம்பும் பாதையில் உழைப்பதைக் கொண்டு, செவ்வாய்க்கிழமை மூன்று கிழவிகளோடு ஓடும் பாதையையும் ஓட்ட வேண்டும். ஓட்டினார்கள்.

பிறகு அனுமதி முறையையே எடுத்துவிட்டார்கள். விரும்பியவர் விரும்பிய பாதையில் ஓடலாம். போட்டி வந்தால் பயணிகளுக்கு நல்லது என்றார்கள். புதுக் கம்பனிகள் வந்தன, வெள்ளிக்கிழமைகளை மட்டும் எடுத்துக்கொண்டன. செவ்வாய்க்கிழமைகள் எங்களிடம் மிஞ்சின. ஒன்றரை வருடத்தில் மகன் கம்பனியை விற்றார். வாங்கியது ஒரு முதலீட்டு நிறுவனம். அவர்கள் அதை மூன்றாகப் பிரித்தார்கள். பஸ்கள் ஒரு கம்பனி, ஓட்டும் றைவர்மார் இன்னொரு கம்பனி, கராஜ் வேறொன்று. பழைய முதலாளியின் மகன் கடைசி நாளில் கராஜுக்கு வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். என் கை முழுக்க கிறீஸ். அவர் அதைப் பார்க்கவில்லை, பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

2

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. எண்பதுகளின் நடுவில் நான் வடமராட்சியில் ஒரு அரச பஸ் டிப்போவில் பிற்றர், பஸ் திருத்துகிறவன். இருபத்துமூன்று வயது. அப்போது எங்கள் தெருக்களில் தனியார் மினிபஸ்கள் பெருகிவிட்டன. அவை காலையும் மாலையும் அடித்துப்பிடித்து ஓடும். மத்தியானத்தில் மரநிழலில் நிற்கும். சீசன் ரிக்கற் பிள்ளைகளும் பென்சன்காரரும் எங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். வருமானம் குறைந்தது. கொழும்பிலிருந்து உதிரிப்பாகங்கள் வருவது குறைந்தது. வந்த கொஞ்சமும் எங்கள் பஸ்களுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை.

எனக்கு மேலே இருந்த ஃபோர்மனுக்கு மூன்று மினிபஸ் முதலாளிகள் சிநேகிதம். சில்லைப் பிடித்து நிறுத்தும் பிறேக் லைனிங் புதுப்பெட்டி வந்தால் பாதி பின்வாசலால் போகும். ஒரு நாள் பின்னேரம் அவர் என்னிடம் ஒரு பஸ்ஸின் திருத்தவேலை அட்டையை நீட்டினார். 'பிறேக் லைனிங் மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தது.

"இன்னும் மாத்தேல்லை அண்ணை" என்றேன்.

"பழசு காணும், இன்னும் தாங்கும். அது உள்ளூர்ப் பாதையிலை ஓடுற பஸ். கையெழுத்தைப் போடு தம்பி."

நான் போட்டேன். யோசித்துப் போட்டேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் போட்டேன் என்றும் சொல்ல முடியாது.

நான்காம் நாள் அந்தப் பஸ் ஒரு சந்தியில் நிற்காமல் போய் மதகில் அடித்தது. ஒரு ரீச்சரும் ஒரு மீன்காரப் பெண்ணும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். ஓட்டியவர் குணம் அண்ணை. மத்தியானத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து சாப்பிடுகிறவர். விசாரணைக்கு வந்த அதிகாரி அட்டையைப் பார்த்தார். லைனிங் மாற்றியிருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது, ஆகவே பிறேக்கில் பிழை இல்லை. சாரதியின் கவனக்குறைவு என்று எழுதி, குணம் அண்ணையை வேலையால் நிறுத்தினார்கள்.

அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. அதுதான் கொடுமை. நான் வேலை செய்த பஸ் என்றால் பிறேக் நல்லாயிருக்கும் என்று நம்பினார். "பிறேக்குக்குப் பதிலா கிளச்சை மிரிச்சிட்டன் போலை. கால் பிழைச்சிட்டுது தம்பி" என்று என்னிடமே சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன்.

3

போன வருடப் பெப்ரவரி. புதன்கிழமை. 417ஆம் இலக்க பஸ் அரையாண்டுப் பரிசோதனைக்கு என்னிடம் வந்தது. கீழே படுத்து லைற்றைப் பிடித்தேன். இடப்பக்கப் பின்சில்லின் பிறேக் ட்ரம்மில், சில்லோடு சுழலும் அந்த இரும்பு உருளையில், ஒரு வெடிப்பு. சில்லின் உட்பக்கம், விரல் நீளம். வெளியே நின்று பஸ்ஸைச் சுற்றிப் பார்க்கும் றைவருக்கு அது தெரியாது. துணியால் துடைத்துப் பார்த்தேன், ஊத்தையோ என்று. ஊத்தையில்லை.

ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். புது முதலாளிகள் போட்ட மனேஜருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ் தொழிலுக்கு வர முன் ஏதோ களஞ்சியம் நடத்தியவர். சாமான் அடுத்த கிழமைதான் வரும், இது நீண்ட வார இறுதி, இருக்கைகள் எல்லாம் விற்றாகிவிட்டன, இந்த மூன்று நாளைக்கு மட்டும் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். மிக மரியாதையாகக் கேட்டார்.

முடியாது என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் "ஓகே, நோ ப்ரொப்ளம்" என்று சிரித்தார்.

வெள்ளி மாலை நான்கரை மணிக்கு வேறொரு பஸ்ஸின் எண்ணெயை மாற்றிவிட்டு வெளியே வந்தால், 417 நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சீமெந்துத் தரையில் உருகிய பனியின் ஈரம் நாலு சில்லடையாளத்தோடு கிடந்தது. ஒஃபிஸ் மேசையில் புதுச் சான்றிதழின் பிரதி. மிசிசாகாப் பக்கம் எங்கோ ஒரு கராஜ், எனக்குத் தெரியாத ஒரு கையெழுத்து. வியாழன் இரவு கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அல்லது காட்டாமலே எடுத்திருக்கிறார்கள்.

பயண அட்டவணையைப் பார்த்தேன். நகரத்திலிருந்து நான்கு மணிக்குப் புறப்பட்டிருக்கிறது. முப்பத்தொரு பயணிகள். சாரதி: யேசுதாசன்.

யேசுதாசன் மன்னார்ப் பெடியன். பெடியன் என்றாலும் ஐம்பத்திரண்டு வயது. கராஜில் எங்கள் இருவருக்கும்தான் தமிழ். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டுத்தான் எந்த ஓட்டத்துக்கும் வருவான். அவனுடைய ரெலிபோனுக்கு அடித்தேன். நின்றிருந்தது. ஓட்டும்போது நிறுத்தி வைப்பான், அது சட்டம். ஐந்து தரம் அடித்தேன்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நானூறாம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே போகப்போக இறக்கங்கள் வரும்.

4

போக்குவரத்து அமைச்சின் இலக்கத்துக்கு அடித்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, பிரெஞ்சுக்கு இரண்டை அழுத்து. ஒன்றை அழுத்தினேன். வாகனப் பரிசோதனைக்கு நான்கை அழுத்து. அழுத்தினேன். பன்னிரண்டு நிமிடம் சங்கீதம். பிறகு ஒரு பதிவுக்குரல்: அலுவலகம் மூடிவிட்டது, செவ்வாய்க்கிழமை திறக்கும், உடனடி ஆபத்தென்றால் பொலிசை அழைக்கவும்.

பொலிசை அழைத்தேன். ஒரு பெண். எனக்குப் பின்னால் கராஜின் காற்றுக் கொம்பிரசர் இரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுப் பேசியிருக்க வேண்டும். பதற்றத்தில் தோன்றவில்லை. பஸ் எங்கே போகிறது, இலக்கம் என்ன, என்ன நிறம் எல்லாம் சொன்னேன். பிறகு "ட்ரம்" என்றேன். "ட்ரம் இஸ் க்ராக்ட்."

அவர் கேட்டார்: "த ட்ரைவர் இஸ் ட்ரங்க்?"

எனக்குக் கேட்டது ட்ரம் என்றுதான். "யெஸ், யெஸ், ட்ரம்! வெரி டேஞ்சரஸ்" என்றேன்.

சாரதியைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், நல்ல மனிதன், அவன் மேல் பிழையில்லை என்றேன். நன்றி சேர், உடனே ஆள் அனுப்புகிறோம் என்றார். ரெலிபோனை வைத்துவிட்டு ஒரு ரயரின் மேல் இருந்துகொண்டேன். முதல் தடவையாக நான் வாய் திறந்திருக்கிறேன் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தது. யேசுதாசன்.

"அண்ணை, நீங்கள் கனதரம் அடிச்சிருக்கிறியள். இஞ்சை பெரிய கூத்து. ஆரோ நான் குடிச்சிட்டு ஓடுறன் எண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கினம். ரெண்டு கார் வந்து என்னை ஓரங்கட்டி இறக்கினவங்கள். சனத்துக்கு முன்னாலை ஊதச் சொன்னவங்கள். கோட்டிலை நடக்கச் சொன்னவங்கள். எல்லாரும் வீடியோ எடுக்கினம் அண்ணை. நான் தவக்காலத்திலை தேத்தண்ணிகூட விட்டிருக்கிறன்."

ட்ரம், ட்ரங்க். அப்போதுதான் விளங்கியது.

"இப்ப எங்கை நிக்கிறாய்?"

"விட்டிட்டாங்கள். ஒண்டுமில்லை எண்டு சொறி சொன்னவங்கள். பக்கத்துக் கோப்பிக் கடையடியிலை சனத்தை ரொய்லெற்றுக்கு விட்டிருக்கிறன். இப்ப வெளிக்கிடப்போறன். ஆரண்ணை உப்பிடிச் செய்திருப்பினம்?"

நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாலு செக்கன் இருக்கலாம். அந்த நாலு செக்கனில் என் மனம் என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம்தான், வெடிப்பு அவ்வளவு பெரிதில்லை, மெல்ல ஓடுவான், நான் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாமலே போகட்டும் என்று கணக்குப் போட்டது. அறுபது வயதைக் கடந்த மனிதனின் மனம். ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவனின் மனம்.

"அண்ணை, இருக்கிறியளோ?"

"வெளிக்கிடாதை யேசு. பஸ்ஸை எடுக்காதை."

"ஏன்?"

"நான்தான் பொலிசுக்கு அடிச்சனான். ட்ரம் எண்டு சொன்னனான். அவைக்கு வேறை மாதிரிக் கேட்டிட்டுது. இடப்பக்கப் பின்சில்லு. உள்ளுக்குப் படுத்துப் பார்."

ரெலிபோன் வெட்டுப்படவில்லை. அவன் நடப்பது கேட்டது, பனியில் சப்பாத்து நெரிபடும் சத்தம். பிறகு மூச்சுவாங்கும் சத்தம். ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ கோபமாகக் கேட்பது தூரத்தில் கேட்டது. நீண்ட நேரத்துக்குப் பிறகு அவன் குரல், கீழேயிருந்து வந்தது.

"ஓம் அண்ணை. இருக்கு." பிறகு, "என்ரை ஒரு சாண் நீளத்துக்கு இருக்கு" என்றான்.

அவன் பஸ்ஸை எடுக்கவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கச் சொல்லி மனேஜர் மூன்று தரம் ரெலிபோன் அடித்திருக்கிறார். வேறொரு பஸ் வரும்வரை முப்பத்தொரு பேரும் கோப்பிக் கடையில் நான்கு மணித்தியாலம் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவி அழுதிருக்கிறார். ஒருவன் யேசுதாசனின் முகத்துக்கு நேரே வந்து, குடிகாரா என்று கத்தியிருக்கிறான். அவன் ஊதிய வீடியோ அடுத்த நாள் எங்கள் ஆட்களின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. 'தமிழ் றைவர் போதையில்' என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். ஊதியதில் ஒன்றுமில்லை என்று வந்ததை ஒருவரும் அனுப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை யேசுதாசனை வேலையால் நிறுத்தினார்கள். காரணம்: பயணிகளை நடுவழியில் கைவிட்டது. அதே கிழமை எங்கள் கராஜையும் மூடினார்கள். பராமரிப்பை வெளியே கொடுக்கிறோம் என்றார் மனேஜர், மறுபடியும் மிக மரியாதையாக.

5

யேசுதாசன் தொழில் சபைக்கு முறைப்பாடு கொடுத்தான். நான் சாட்சி. என் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் சரிபார்க்க மகள் அனுஜாவிடம் கொடுத்தேன்.

அனுஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தொன்பது வயது, இங்கேயே பிறந்தவள். பஸ் சேவைகளைத் தனியாருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று நகரசபைகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கும் கம்பனியில் வேலை. நானும் பஸ், அவளும் பஸ் என்று வீட்டில் பகிடி சொல்வோம். அவள் ஒரு பஸ்ஸின் கீழே என்றும் பார்த்ததில்லை. நான் அவளுடைய அறிக்கை ஒன்றையும் வாசித்ததில்லை.

வாசித்துக்கொண்டே போனவள் கணினியைத் திருப்பி என்னிடம் ஒரு பட்டியலைக் காட்டினாள். வடக்குப் பாதைகள் பற்றி அவர்கள் சேர்த்த தரவு. அந்த வெள்ளிக்கிழமை அதில் ஒரு வரியாக இருந்தது. சேவைத் தடங்கல், நான்கு மணித்தியாலம், காரணம்: ஒபரேட்டர்.

"ஒபரேட்டர் எண்டால் கம்பனி தானே?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. டேட்டாவில ஒபரேட்டர் மீன்ஸ் த ட்ரைவர்."

"அது பிழை. மாத்து பிள்ளை."

"ஐ கான்ட். அது கம்பனி குடுத்த டேட்டா. நாங்க அதை வெரிஃபை பண்ண மாட்டம்."

"அப்ப ஆர் பாக்கிறது?"

அவள் கணினியைத் திருப்பி மீதியை வாசிக்கத் தொடங்கினாள். கடைசிப் பக்கத்தில் நான் டிப்போக் கதையை எழுதியிருந்தேன். அட்டை, ஃபோர்மன், மதகு, குணம் அண்ணை. எல்லாம். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பா, திஸ் இஸ் நொட் றெலவன்ற். இதை எடுத்துவிடுங்கோ. அவையின்ர லோயர் உங்களைத்தான் பிழை எண்டு சொல்லுவார்."

"இருக்கட்டும்."

"வை?"

"நான் ஏன் பெப்ரவரியிலை கையெழுத்துப் போடேல்லை எண்டு கேப்பினம். அதுக்குப் பதில் அதுதான்."

அவள் பிழைதிருத்தங்களைச் செய்தாள். இரண்டு பேரின் இறப்பை எழுதிய வரியில் ஒரு காற்புள்ளி போட்டாள். அன்றைக்கு அவள் தன் வீட்டுக்குப் போகும்போது வழமைபோல என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அறிக்கையில் அந்த 'ஒபரேட்டர்' வரி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று நான் பிறகு கேட்கவுமில்லை. வருகிற வருடம் இன்னொரு நகரசபை தன் பஸ்களை வெளியே கொடுக்கப்போகிறதாம். அந்த அறிக்கையையும் அவள்தான் எழுதுகிறாள்.

6

விசாரணை ஒக்டோபரில், நகரத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் ஆறாம் மாடியில் நடந்தது. முடிவு யேசுதாசனுக்குச் சார்பாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் றைவர்மார் கம்பனியைக் கலைத்துவிட்டார்கள், அவனைத் திருப்பி வேலைக்கு எடுக்க ஆளில்லை. சான்றிதழ் கொடுத்த கராஜும் மூடி, வேறு பெயரில் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். 417 எங்கே என்று நான் அங்கேயே கேட்டேன். விற்றாகிவிட்டது என்றார் கம்பனியின் லோயர். யாருக்கு என்று கேட்டேன். அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றார்கள். திருத்திவிட்டு விற்றார்களா என்று கேட்க எனக்குச் சந்தர்ப்பம் தரவில்லை. எனக்கு இப்போது மிசிசாகாவில் ஒரு லொறிக் கராஜில் வேலை. காலையில் நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் எந்தப் பஸ் என்னை முந்திப் போனாலும் என் கண் பின்சில்லுக்குத்தான் போகிறது.

அன்று என் வாக்குமூலத்தை முழுதாக வாசித்தார்கள். யேசுதாசன் எனக்கு எதிரே இருந்தான். குணம் அண்ணையின் கதையை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. அதுவும் ஆங்கிலத்தில், ஒரு அந்நியரின் குரலில். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

முடிந்து வெளியே வந்தோம். காற்று முகத்தில் அடித்தது. என் கார் பக்கத்து வீதியில் நின்றது. காலையில் அவனை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது நான்தான். வரும்போது முழுக்க அவன்தான் கதைத்தான். எனக்கு நன்றி சொன்னான், பொலிசிடம் ட்ரம் என்று சொன்னதைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தான்.

இப்போது நடைபாதையில் நின்று கையுறையைப் போட்டுக்கொண்டே கேட்டான்:

"அண்ணை, அந்த றைவர், குணம் அண்ணை. அவரிட்டைச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"பிறகும்?"

"அவர் வன்னியிலை செத்துப்போனார் யேசு. தன்ரை கால்தான் பிழைச்சது எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவராம்."

அவன் தலையாட்டினான். இருபது வருடம் பஸ் ஓட்டியவன். தன் வலது காலை ஒருதரம் குனிந்து பார்த்தான். நான் கார்த் திறப்பை எடுத்தேன்.

"வா, போவம். குளிருது."

"நீங்கள் போங்கோ அண்ணை" என்றான். "நான் பஸ்ஸிலை வாறன்."